லூயிஸ் டவுனிங்: செரோக்கி மேலவை உறுப்பினர், பாப்திஸ்து போதகர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லூயிஸ் டவுனிங் யார்?

அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்களின் 19ஆம் நூற்றாண்டுப் போதகர், சட்டமன்ற உறுப்பினர், படை அதிகாரி, கடைசியில் முதன்மைத் தலைவர். 1823 வாக்கில் கிழக்கு டென்னசியில் பிறந்தார். 1844இல் சபைப் போதகர் ஆனார். 1845, 1851, 1859 தேர்தல்களில் கோயிங்ஸ்நேக் மாவட்டத்திலிருந்து செரோக்கி மேலவைக்குப் போனார். 1867இல் முதன்மைத் தலைவராகத் தேர்வாகி, 1871இல் மறுபடியும் வென்று, 1872 நவம்பர் 9 அன்று பதவியில் இருக்கும்போதே இறந்தார்.

முதன்மைத் தலைவர் ஜான் ராஸ், செரோக்கி எழுத்துமுறையை உருவாக்கிய செக்கோயா ஆகியோரைப் பற்றி எழுதப்பட்ட அளவில் கால்வாசிகூட இவரைப் பற்றி எழுதப்படவில்லை. அது பெரிய குறை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒருவர் வீட்டை ஒருவர் கொளுத்திய இரண்டு தரப்பை ஒரே சட்டமன்றத்தில் உட்காரவைத்த மனிதர் இவர்.

அவர் எந்த மாநிலத்தின் சட்டமன்றத்தில் இருந்தார்?

எந்த அமெரிக்க மாநிலத்திலும் இல்லை. ஓக்லஹோமா 1907இல்தான் மாநிலம் ஆனது. டவுனிங் காலத்தில் அந்த நிலத்தில் செரோக்கி தேசம் தன் சொந்த அரசியலமைப்பின் கீழ் தன்னைத் தானே ஆண்டது. தலைநகர் தாலெக்வா. 1839 அரசியலமைப்புப்படி சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள். மேலவைக்கு மாவட்டத்துக்கு 2 பேர், கீழவைக்கு 3 பேர். 1845இல் 8 மாவட்டங்கள்; ஆக மேலவையில் 16, கீழவையில் 24. முதன்மைத் தலைவர் ஒரு சட்டத்தைத் திருப்பி அனுப்பினால், மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு அதை மீண்டும் நிறைவேற்றலாம்.

இவரை "மாநிலச் செனட்டர்" என்று எழுதுவது தவறு. மாநிலம் வந்தபின் ஓக்லஹோமா சட்டமன்றத்தில் உட்கார்ந்த செரோக்கியர்கள் வேறு தலைமுறை. ஹூஸ்டன் டீஹீ அவர்களில் ஒருவர். பிறகு அமெரிக்கக் கருவூலப் பதிவாளராகி, அவர் கையெழுத்து டாலர் நோட்டுகளில் அச்சானது.

போதகர்கள் சட்டமன்றத்தில் உட்காரக் கூடாது என்று செரோக்கி சட்டம் இருந்ததாமே?

இருந்தது, ஆனால் பழைய அரசியலமைப்பில். 1827இல் ஜார்ஜியாவின் நியூ எக்கோட்டாவில் எழுதிய அரசியலமைப்பு, ஊழியம் செய்துகொண்டிருக்கும் எந்தப் போதகரும் முதன்மைத் தலைவராகவோ இரு அவைகளின் உறுப்பினராகவோ ஆகக் கூடாது என்றது. ஆத்துமாக்களைக் கவனிக்கும் வேலையிலிருந்து அவர்களைத் திசைதிருப்பக் கூடாது என்பது அதற்குச் சொன்ன காரணம்.

கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்டு மேற்கே வந்தபின், 1839 செப்டம்பர் 6 அன்று ஏற்ற புதிய அரசியலமைப்பில் அந்தப் பிரிவு இல்லை. கடவுள் இருப்பதையும், மறுமையில் பலனும் தண்டனையும் உண்டு என்பதையும் மறுப்பவர் அரசுப் பதவி வகிக்கக் கூடாது என்ற பிரிவு மட்டும் தொடர்ந்தது. அதனால்தான் சபைப் பொறுப்பில் இருந்தபடியே டவுனிங் மேலவைக்குப் போக முடிந்தது. இரண்டு அரசியலமைப்புகளையும் ஒன்றாகக் கலந்து படிப்பவர்கள் "டவுனிங் எப்படிச் சட்டத்தை மீறினார்?" என்று கேட்கிறார்கள். அவர் எதையும் மீறவில்லை.

சிறுவயதில் அவர் கண்ணீர்ப் பாதையில் வந்தாரா?

ஆம். செரோக்கியரைக் கட்டாயமாக மேற்கே அனுப்பிய பயணத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பாப்திஸ்து போதகர் ஜெஸ்ஸி புஷிஹெட் நடத்திய அணியில் குடும்பத்தோடு வந்தார். அப்போது வயது 15 வாக்கில்.

1838 மே மாத இறுதியில் அமெரிக்க ராணுவம் செரோக்கியரை வீடுகளிலிருந்து பிடித்து முகாம்களில் அடைத்தது. ஜூனில் ராணுவமே நடத்திச் சென்ற முதல் அணிகளில் வெயிலும் வறட்சியும் நோயும் சேர்ந்து சாவு பெருகியது. மீதிப் பேரை இலையுதிர்காலத்தில் தாங்களே அழைத்துப் போவதாகத் தலைவர் ஜான் ராஸ் கேட்டு, அனுமதி வாங்கினார்.

கணக்கு இப்படிப் போட்டார்கள்: ஓர் அணியில் 1,000 பேர், 50 வண்டிகள், அதாவது 20 பேருக்கு ஒரு வண்டி. ஒருவருக்கு ஒரு நாள் உணவு 16 சென்ட். பயணம் 80 நாள். மொத்தச் செலவு அணிக்கு 65,880 டாலர். வண்டி நோயாளிக்கும் கிழவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மூட்டைமுடிச்சுக்கும்தான் போதும், மற்றவர்கள் நடந்தார்கள்.

தவறிப்போனது அந்த 80 நாள் கணக்கு. வறட்சியில் குடிநீர் கிடைக்காது என்று புறப்பாட்டை அக்டோபருக்குத் தள்ளினார்கள். அதனால் மிசிசிப்பி ஆற்றை அடைந்தபோது நடுக்குளிர். பனிக்கட்டிகள் மிதந்து வர, படகு போக முடியவில்லை. புஷிஹெட் அணி ஆற்றங்கரையில் ஏறத்தாழ ஒரு மாதம் முடங்கிக் கிடந்தது. ஆற்றைக் கடந்த கையோடு, மிசூரி மண்ணில் 1839 ஜனவரி 3 அன்று புஷிஹெட்டுக்கு ஒரு மகள் பிறந்தாள். அவளுக்கு எலைசா மிசூரி என்றே பெயர் வைத்தார்கள். பயணம் முடிந்தது பிப்ரவரி இறுதியில். புறப்பட்டவர்கள் சுமார் 950 பேர்; வந்து சேர்ந்தவர்கள் 898. வழியில் 38 சாவுகள், 6 பிறப்புகள். சிலர் வழியில் பிரிந்தார்கள், வேறு சிலர் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டிகளை நிறுத்தி ஆராதனை நடத்தினார் புஷிஹெட்.

80 நாளுக்கு மேல் ஆன ஒவ்வொரு நாளுக்கும் சோளமும் தீவனமும் கூடுதலாக வாங்க வேண்டியிருந்தது. அந்தப் பணத்தை வாஷிங்டனிடமிருந்து பெற ராஸ் பல காலம் போராடினார்.

புஷிஹெட்டுக்கும் டவுனிங்குக்கும் என்ன உறவு?

சபை வழியில் குரு, வாரிசு. புஷிஹெட் 1804இல் பிறந்தவர், 1833இல் போதகராக அபிஷேகம் பெற்றவர். வேல்ஸிலிருந்து வந்த மிஷனரி ஈவான் ஜோன்ஸின் நெருங்கிய உடன் ஊழியர். புதிய நாட்டில் அவர் செரோக்கி உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். 1844 ஜூலை 17 அன்று 39 வயதில் இறந்தார். அடுத்த சில வாரங்களில் ஃபிளின்ட் பாப்திஸ்து சபையார் அவர் இடத்துக்கு டவுனிங்கைத் தெரிந்துகொண்டார்கள். மறு ஆண்டே மாவட்ட மக்கள் அவரை மேலவைக்கு அனுப்பினார்கள். போதகம், நீதி, சட்டம் ஆகிய மூன்றையும் ஒரே ஆள் சுமப்பது அந்த மக்களுக்குப் புதிதாகத் தோன்றவில்லை. புஷிஹெட் அதை ஏற்கெனவே பழக்கிவிட்டிருந்தார்.

அவர்கள் குடியேறிய ஊருக்கு "ரொட்டியூர்" என்று ஏன் பெயர்?

பயணம் முடிந்து வந்தவர்களுக்கு ஒப்பந்தப்படி ரேஷன் கொடுத்த இடங்களில் அதுவும் ஒன்று. இன்றைய ஓக்லஹோமாவின் வெஸ்ட்வில் ஊருக்கு வடக்கே இருக்கிறது. மக்கள் அதைப் "பிரெட் டவுன்" என்றார்கள். பாப்திஸ்து மிஷன் அங்கே அமைந்தபின் இடத்துக்கே "பாப்டிஸ்ட்" என்று பெயர் வந்துவிட்டது. பழைய கடிதங்களில் "பாப்டிஸ்டிலிருந்து எழுதுகிறேன்" என்று வந்தால் அது ஊர்ப்பெயர், சபைப்பெயர் அல்ல. 1840களில் மிஷன் அச்சகமும் அங்கேதான் ஓடியது. 1844 ஆகஸ்டில் அங்கிருந்து "செரோக்கி மெசஞ்சர்" என்ற இதழ் வெளிவந்தது.

ஒரு செரோக்கிப் போதகரின் ஊழியம் எப்படி இருந்தது?

மொழியிலிருந்து தொடங்க வேண்டும். டவுனிங்கின் சபை செரோக்கி மொழிச் சபை. செக்கோயா 1821இல் முடித்த எழுத்துமுறை, ஒரு அசைக்கு ஓர் எழுத்து. இன்று புழங்குவது 85. நம் எழுத்தில் "க, கா, கி" தனித்தனி வடிவம் பெறுவதை எண்ணிப் பாருங்கள், ஆனால் அங்கே அவற்றுக்கிடையே உருவ ஒற்றுமை கிடையாது. ஒவ்வொன்றையும் தனியாகக் கற்க வேண்டும். ஆனாலும் தாய்மொழியாகப் பேசுகிறவர் சில வாரங்களில் படிக்கக் கற்றுவிடுவார். அதனால் ஆங்கிலம் அறியாத ஒருவர் பாட்டுப் புத்தகத்தையும் வேதப் பகுதியையும் கையில் வைத்துக்கொண்டு சபை நடத்த முடிந்தது. பிரஸ்பிடேரியன் மிஷன்கள் முறையான இறையியல் கல்வியைக் கேட்டன. பாப்திஸ்துகள் மக்களின் சாட்சியும் பேச்சு வரமும் போதும் என்று உள்ளூர் ஆட்களை அபிஷேகம் செய்தார்கள். மலையடிவாரக் குடியிருப்புகளில் பாப்திஸ்து சபை வேகமாகப் பரவியதற்கு இதுதான் முதன்மைக் காரணம்.

தமிழ் வாசகருக்கு உடனே பிடிபடும் ஒன்று: செரோக்கியிலும் "நாம்", "நாங்கள்" வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் இல்லை. பரமண்டல ஜெபம் செரோக்கியில் "ஓகிதோதா" என்று தொடங்குகிறது, அதாவது "எங்கள் பிதாவே". நம் வேதாகமத்திலும் "எங்கள் பிதாவே"தான். கடவுளிடம் பேசும்போது "நம்" என்று சொன்னால் பொருள் கெட்டுவிடும். இப்படிப்பட்ட இடங்களில் ஆங்கில மூலத்தைப் பார்த்து மட்டும் மொழிபெயர்க்க முடியாது, தாய்மொழிப் பேச்சாளர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். ஈவான் ஜோன்ஸ் போன்றவர்கள் புஷிஹெட்டைச் சார்ந்திருந்தது அதனால்தான்.

ஞானஸ்நானம் ஓடும் நீரில், முழுக்கு முறையில். செரோக்கியருக்கு இது அந்நியச் சடங்காகத் தெரியவில்லை. விடியற்காலையில் ஆற்றில் இறங்கி, கிழக்கே பார்த்து, நான்கு முறையோ ஏழு முறையோ மூழ்கும் "நீருக்குப் போதல்" என்ற வழக்கம் அவர்களுடையது. பந்தாட்டத்துக்கு முன்னும் போருக்கு முன்னும், குளிர்காலத்திலும் செய்வார்கள். இரண்டின் பொருளும் வேறு. ஆனால் தண்ணீரில் இறங்கும் உடம்புக்கு அது பழகிய செயல். தெளிப்பு முறை வைத்திருந்த மிஷன்களுக்கு இந்த வசதி கிடைக்கவில்லை.

தேர்தல் எப்படி நடந்தது?

ஆகஸ்ட் மாதத்தின் முதல் திங்கட்கிழமை. வாக்குச்சீட்டு கிடையாது. வாக்காளர் எழுத்தர்கள் முன் நின்று, தான் யாருக்கு வாக்களிக்கிறார் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுத்தர் பெயருக்கு எதிரே குறித்துக்கொள்வார். சுற்றி நிற்கும் மாமன், மச்சான், அண்டைவீட்டார் எல்லாரும் கேட்பார்கள். வாக்குரிமை ஆண்களுக்கு மட்டும். மாவட்டத்தின் ஒவ்வொரு குடியிருப்பிலும் கல்யாணம், சாவு, ஜெபக்கூட்டம் என்று கால்பட்ட போதகருக்கு இந்த முறை பெரிய பலம்.

அவர் தென்பகுதிப் படையில் ஏன் சேர்ந்தார்?

இதைத்தான் மிக அதிகமாகக் கேட்கிறார்கள். 1861இல் அமெரிக்காவின் வட, தென் மாநிலங்களுக்கிடையே உள்நாட்டுப் போர் மூண்டபோது முதன்மைத் தலைவர் ராஸ் நடுநிலை வகிக்க விரும்பினார். வடக்கு தன் கோட்டைகளைக் காலிசெய்துவிட்டுப் போய்விட்டது. ஆர்கன்சாவில் தென்படை பக்கத்திலேயே நின்றது. ராஸின் எதிரணிச் செரோக்கித் தலைவர் ஸ்டாண்ட் வாட்டி தென்பகுதிக்காகத் தனிப்படை திரட்டிக்கொண்டிருந்தார். இந்த நெருக்கடியில் 1861 அக்டோபர் 7 அன்று செரோக்கி தேசம் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்போடு ஒப்பந்தம் செய்தது. ஜான் ட்ரூ தலைமையில் ராஸ் திரட்டிய படைப்பிரிவு வாட்டிக்கு எதிர்ப்பலமாகவும் இருந்தது. அதில் பெரும்பாலோர் கிதூவா சங்கத்தைச் சேர்ந்தவர்கள். 1850களின் இறுதியில் பாப்திஸ்து சபைகளைச் சுற்றி வளர்ந்த, அடிமைமுறையை ஆதரித்தவர்களை எதிர்த்த சங்கம் அது. டவுனிங் அந்தப் படைப்பிரிவின் குருவானவர். தன் சபை மக்கள் போன இடத்துக்கு அவரும் போனார்.

அவர்கள் மனம் எங்கே இருந்தது என்பது இரண்டே மாதத்தில் தெரிந்தது. வடக்கே தப்பிப்போகும் கிரீக் பழங்குடி மக்களை ஒபத்லயஹோலா என்ற முதியவர் நடத்திச் சென்றார். 1861 டிசம்பர் 8 அன்று அவரோடு பேசப் போன தூதுக்குழுவில் டவுனிங்கும் இருந்தார். அன்றிரவே ட்ரூவின் வீரர்களில் பெரும்பாலோர் அந்த மக்களைச் சுட மனமில்லாமல் முகாமைவிட்டு நீங்கினார்கள். மறுநாள் ட்ரூவிடம் மிஞ்சியது 60 பேரளவில். 1862 ஜூலையில் வடபடை வந்ததும் மீதிப் பேரும் பெருமளவில் பக்கம் மாறினார்கள். மூன்றாம் இந்தியன் ஹோம் கார்ட் படை அமைந்தது. கர்னல் வில்லியம் பிலிப்ஸ். லெப்டினன்ட் கர்னல் டவுனிங்.

1863இல் கௌஸ்கின் பிரேரியில் என்ன நடந்தது?

பிப்ரவரி மாதம் படை முகாமிலேயே சட்டமன்றம் கூடியது. மேலவைக்குத் தலைமை டவுனிங். ராஸ் கிழக்கே இருந்ததால் தாமஸ் பெக் பொறுப்புத் தலைவர். தென் கூட்டமைப்போடு செய்த ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். அடுத்து, செரோக்கி நிலத்தில் அடிமைமுறையை ஒழித்தார்கள். 1863 ஜூன் 25க்குப் பிறகும் ஒருவரை அடிமையாக வைத்திருந்தால் 1,000 முதல் 5,000 டாலர்வரை அபராதம்.

சட்டம் உண்மையானது, ஆனால் அதன் கை எட்டிய தூரம் குறைவு. அடிமைகளை அதிகம் வைத்திருந்தவர்கள் வாட்டியோடு தெற்கே போயிருந்தார்கள். பலர் அடிமைகளையும் டெக்சஸுக்கு இழுத்துச் சென்றிருந்தார்கள். போருக்குமுன் அந்நாட்டில் அடிமைகள் சுமார் 2,500 பேர்.

அவருடைய சபையே அடிமைமுறையில் சுத்தமாக இருந்ததா?

இல்லை. மிஷன் சம்பளம் பெற்ற புஷிஹெட்டிடமே அடிமைகள் இருந்தார்கள். வடபகுதி பாப்திஸ்து அடிமைமுறை ஒழிப்பாளர்கள் இதைப் பெயர் சொல்லிக் கண்டித்தார்கள். 1850களில் ஜோன்ஸ் அடிமை வைத்திருந்த சபையாரை விலக்கியதற்குப் பின்னணி இதுதான். இந்தப் பகுதியை மறைத்துவிட்டுப் புஷிஹெட்டைப் புனிதராக்கும் கட்டுரைகளை நம்ப வேண்டாம்.

அமெரிக்க அரசோடு செய்த 1866 ஜூலை 19 ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவு, விடுதலையானவர்களுக்கும் அவர்கள் சந்ததிக்கும் செரோக்கியருக்குள்ள எல்லா உரிமையும் உண்டு என்றது. ஆனால் நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் திரும்ப வேண்டும். டெக்சஸில் கைவிடப்பட்ட குடும்பங்களுக்குச் செய்தியே எட்டவில்லை. தாமதமாக வந்தவர்கள் அந்நியர் பட்டியலில் விழுந்தார்கள். இந்தப் பிரிவின் மேல் நடந்த குடியுரிமை வழக்கில் 2017இல்தான் கூட்டாட்சி நீதிமன்றம் சந்ததியாருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது.

1867 தேர்தலில் எதிரிகளோடு ஏன் கூட்டுச் சேர்ந்தார்?

போர் முடிந்தபோது நாட்டில் வயதுவந்த பெண்களில் மூன்றில் ஒருவர் விதவை, பிள்ளைகளில் நான்கில் ஒருவர் அநாதை. வேலிகள் எரிந்து, மாடுகள் களவுபோய், தென்பக்கம் நின்றவர்கள் சொந்த நிலத்துக்குத் திரும்ப அஞ்சிக் கனேடியன் ஆற்றுப் பக்கம் ஒதுங்கியிருந்தார்கள். 1866 ஆகஸ்ட் 1 அன்று ராஸ் இறந்தார். சில வாரம் டவுனிங் பொறுப்புத் தலைவராக இருந்தார். பிறகு சட்டமன்றம் ராஸின் சகோதரி மகன் வில்லியம் ராஸைத் தேர்ந்தெடுத்தது. அவர் நன்கு படித்தவர், ஆனால் தென்பக்கத்தாருக்கு ராஸ் என்ற பெயரே ஆகாது.

ஜோன்ஸும் அவர் மகனும் நடுவில் நின்று பேசினார்கள். உடன்பாடு எளிமையானது: தென்பக்கத்தார் டவுனிங்குக்கு வாக்களிப்பார்கள், வென்றால் பதவிகளில் அவர்களுக்கும் பங்கு, குடியிருக்க முழுப் பாதுகாப்பு. கிதூவா மக்கள் இதை ஏற்பார்களா என்பதே ஆபத்தான கேள்வி. அவர்கள் பிள்ளைகளைக் கொன்றவர்களோடு உட்காரச் சொல்கிறார்களே! ஏற்றார்கள். கேட்டது யார் என்பதுதான் காரணம் என்று நாங்கள் கருதுகிறோம். அந்தக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, செத்தவர்களை அடக்கம் செய்து, போர்க்களத்தில் கூடவே நின்றவர். பட்டணத்துப் படிப்பாளி ஒருவர் கேட்டிருந்தால் துரோகம் என்றிருப்பார்கள். 1867 ஆகஸ்டில் டவுனிங் வென்றார், வாக்குக் கொடுத்தபடி பதவிகளைப் பகிர்ந்தார். அதன்பின் செரோக்கி அரசியல் வடக்கு, தெற்கு என்று பிரியவில்லை. டவுனிங் கட்சி என்ற பெயர் அவர் இறந்து பல பத்தாண்டுகள் நிலைத்தது.

முதன்மைத் தலைவராக அவர் எதை எதிர்கொண்டார்?

ரயில் பாதையை. 1866 ஒப்பந்தம் வடக்கு-தெற்காக ஒன்று, கிழக்கு-மேற்காக ஒன்று என இரண்டு பாதைகளுக்கு இடம் கொடுத்தது. அதில் கண்ணி ஒன்று இருந்தது: இந்தியர் நில உரிமை என்றாவது ஒழிந்தால், பாதையோர நிலம் நிறுவனங்களுக்குச் சேரும் என்று வாஷிங்டன் சட்டம் இயற்றியிருந்தது. ஆகவே செரோக்கி தேசத்தைக் கலைத்துச் சாதாரணப் பிரதேசமாக்கும் மசோதாக்கள் அடுத்தடுத்து வந்தன. டவுனிங் ஆட்சி வாஷிங்டனுக்குப் பிரதிநிதிகளை அனுப்பி அவற்றை எதிர்த்தது. 1871 மார்ச்சில் பழங்குடித் தேசங்களோடு இனி ஒப்பந்தமே செய்வதில்லை என்று காங்கிரஸ் முடிவு செய்தபின் அந்தப் போராட்டம் இன்னும் கடினமானது.

1869இல் ஷானி என்ற பழங்குடி மக்கள் செரோக்கி தேசத்தின் குடிமக்களாகச் சேர்ந்தார்கள். தாலெக்வாவில் செங்கல் தலைமைச் செயலகக் கட்டடம் எழுந்தது. 1872 ஏப்ரல் 15 அன்று அவர் சொந்த மாவட்டமான கோயிங்ஸ்நேக்கில், பள்ளிக்கூடத்தில் கூடியிருந்த செரோக்கி நீதிமன்றத்துக்குள் கூட்டாட்சி மார்ஷல்களின் ஆட்கள் புகுந்து, துப்பாக்கிச் சண்டையில் 11 பேர் செத்தார்கள். யாருக்கு விசாரிக்கும் அதிகாரம் என்ற பழைய பூசல்தான் வேர்.

பதிவேடுகளில் தேடுவது எப்படி? எங்கே தவறு நேர்கிறது?

டாஸ் பட்டியல் என்ற பழங்குடி உறுப்பினர் பதிவேட்டில் தேடாதீர்கள். அது 1898க்குப் பிறகு எடுத்தது. டவுனிங் 1872இலேயே இறந்துவிட்டார். கண்ணீர்ப் பாதையில் வந்த குடும்பங்களுக்கு 1851 டிரென்னன் பட்டியலைப் பாருங்கள். அது மாவட்டவாரியாக இருக்கும். முதலில் கோயிங்ஸ்நேக், பிறகு ஃபிளின்ட். கிழக்கே இருந்த காலத்துக்கு 1835 ஹெண்டர்சன் கணக்கெடுப்பு; அதில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே வரும், மற்றவர்கள் எண்ணிக்கையாகத்தான் இருப்பார்கள். போர்ப் பணிக்கு மூன்றாம் இந்தியன் ஹோம் கார்ட் ஆவணங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

டவுனிங் என்ற குடும்பப்பெயர் செரோக்கியரிடையே மிகப் பரவலானது. பெயரும் மாவட்டமும் பொருந்தினால் மட்டும் முடிவுகட்டாதீர்கள். பெற்றோர் பெயர், குடியிருப்பு, பக்கத்து வீட்டார் வரிசை மூன்றையும் ஒத்துப் பாருங்கள். ஒரே ஆளுக்குச் செரோக்கிப் பெயர் ஒரு பட்டியலிலும் ஆங்கிலப் பெயர் இன்னொன்றிலும் வருவது வழக்கம். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் செரோக்கிப் பெயருக்கு நான்கைந்து எழுத்துக்கூட்டல்கள்கூட இருக்கும்.

நேரில் பார்க்க என்ன இருக்கிறது?

தாலெக்வா நடுவிலுள்ள பழைய தலைமைச் செயலகம் இப்போது அருங்காட்சியகம். டவுனிங் ஆட்சியில் எழுந்த அதே கட்டடம். வெஸ்ட்வில் வடக்கே பழைய பாப்திஸ்து மிஷன் இடத்தில் புஷிஹெட்டின் கல்லறைத்தூண் நிற்கிறது. மிசூரியில் மிசிசிப்பி ஓரம், அந்த அணி ஆற்றைக் கடந்த இடத்தில், கண்ணீர்ப் பாதை மாநிலப் பூங்கா உள்ளது. புஷிஹெட்டின் தங்கை நான்சி அங்கே இறந்து புதைக்கப்பட்டதாகச் சொல்லி ஒரு நினைவிடம் இருக்கிறது. ஊரார் அதை "இளவரசி ஒட்டாக்கி" கல்லறை என்பார்கள். செரோக்கியரிடையே இளவரசி என்ற பட்டம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.